கட்டின வரியைக் கட்டேல்லை எண்டு கடிதம் வந்தா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியளில கூடுதலானது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். வரி சரியாக் கட்டியிருக்கினம், ஃபைலும் குடுத்திருக்கினம், ஆனா கொம்பியூட்டரில எங்கயோ மாறிக்கிடக்கு, அவைக்குக் கடிதம் வருது. பயந்துபோய் எழுதின ஆக்களும் இருக்கினம், கோவத்தில எழுதின ஆக்களும் இருக்கினம். அதால மற்றக் கேள்வியள் எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு ஒதுக்கிப்போட்டு இதையே எடுக்கிறன்.

கேள்வி: ஐயா, நான் சுன்னாகத்தில ஹாட்வெயார் கடை வைச்சிருக்கிறன். போன நவம்பர் 14 ஆம் திகதி ரெண்டாம் காலாண்டுக்குரிய வருமான வரி 85,000 ரூபா வங்கியில கட்டினனான், றிசீற் கையில கிடக்கு. இப்ப அந்தக் காசு வரேல்லை, வட்டியோட சேத்துக் கட்டுங்கோ எண்டு கடிதம் வந்திருக்கு. தம்பி சொல்லுறான் ஒருக்காக் கட்டிப்போட்டு பேந்து கதைப்பம் எண்டு. மனிசி சொல்லுறா அவையின்ர பிழைதானே, பேசாம விடுங்கோ எண்டு. நான் ஆற்ற கதையைக் கேக்கிறது?

பதில்: ரெண்டு பேரின்ர கதையையும் கேக்காதேங்கோ. கட்டவும் வேண்டாம், பேசாம இருக்கவும் வேண்டாம். எழுத்தில பதில் குடுங்கோ, அதுவும் கெதியாக் குடுங்கோ.

முதல்ல இது எப்பிடி நடக்குது எண்டு விளங்கினாத்தான் பயம் போகும். நீங்கள் வங்கியில கட்டேக்க அந்தச் சிட்டையில உங்கட பேர் இருக்குது, தொகை இருக்குது, அதெல்லாம் மனுசர் வாசிக்கிறதுக்கு. கொம்பியூட்டர் பாக்கிறது மூண்டு நம்பரைத்தான், உங்கட டின் நம்பர் (வரி கட்டுற ஆளுக்குத் திணைக்களம் குடுக்கிற இலக்கம்), எந்த வகை வரி எண்ட குறியீடு, எந்தக் காலத்துக்குரியது எண்ட குறியீடு. இந்த மூண்டில ஒரு இலக்கம் மாறினாலும் காசு அரசாங்கத்திட்டப் போயிருக்கும், ஆனா உங்கட கணக்கில, அந்தக் காலாண்டில விழுந்திருக்காது. போன வருஷத்துக்குப் போய்க் கிடக்கும், இல்லாட்டி வேற வரி வகைக்குள்ள கிடக்கும், சிலவேளை வேற ஆற்றையோ பேரிலயும் கிடக்கும். கட்டவேண்டிய கடைசித் திகதியான நவம்பர் 15 தாண்டினவுடன அந்தக் காலாண்டுக்கு நேர பூச்சியம் தெரியும், பூச்சியத்தைக் கண்டா அது தன்பாட்டில கடிதம் அடிக்கும். அந்தக் கடிதத்தை ஒரு அதிகாரி உங்கட ஃபைலை விரிச்சு வைச்சு யோசிச்சு எழுதினவர் எண்டு நினைக்காதேங்கோ. உங்களில ஆரும் சந்தேகப்பட்டு வந்த கடிதமில்லை அது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின்ர இந்த ராமிஸ் எண்ட கணினி முறையைப் பற்றிப் பாராளுமன்றக் குழுக்களிலயே கேள்வி எழும்பினது, ஆனபடியா உங்களுக்கு மட்டும் நடந்த அநியாயம் எண்டும் நினைக்கத் தேவையில்லை.

இப்ப அந்த றிசீற்றை எடுத்து வெளிச்சத்தில வைச்சு ஒவ்வொரு இலக்கமாப் பாருங்கோ. எனக்கு ஆக்கள் கொண்டுவாற சிட்டையளில அடிக்கடி காணுறது என்னெண்டா, வங்கி சீல் நேர நம்பருக்கு மேல குத்துப்பட்டிருக்கும், ஒண்டும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும், டின் நம்பரின்ர கடைசி இலக்கம் மை பரவி எட்டோ மூண்டோ எண்டு தெரியாது. ஒன்லைனில கட்டின ஆக்களுக்கு மை பரவாது, ஆனா காலப்பகுதி தெரிவு செய்யிற இடத்தில ஒரு வரி மேல கீழ தட்டுப்பட்டிருக்கும். எங்க மாறினது எண்டு நீங்களே கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது. கண்டுபிடிக்க ஏலாட்டியும் பரவாயில்லை, உங்கட வரிக் கணக்குக் கூற்றை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ, ராமிஸில உங்களுக்கு லொகின் இருந்தா அதிலயே பாக்கலாம், இல்லாட்டிக் கந்தோரில கேளுங்கோ. 85,000 எண்ட தொகை எந்தக் கட்டத்துக்குள்ள போய் இருக்குது எண்டு அதில பாக்கலாம்.

பிறகு கடிதம். நீளமா எழுதாதேங்கோ, கோவத்தையும் அதில கொட்டாதேங்கோ. உங்கட டின் நம்பர், வந்த கடிதத்தின்ர இலக்கம், திகதி, பேந்து நேர விஷயம்: "மேற்படி காலாண்டுக்குரிய 85,000 ரூபா நவம்பர் 14 ஆம் திகதி இன்ன வங்கியின் இன்ன கிளையில் செலுத்தப்பட்டது, பற்றுச்சீட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது, இக்கொடுப்பனவைச் சரியான காலப்பகுதிக்கு மாற்றி, அதன்மீது விதிக்கப்பட்ட வட்டியையும் நீக்கித் தரவும், திருத்தம் முடியும்வரை அறவீட்டை நிறுத்தி வைக்கவும்." இவ்வளவும் போதும். வட்டியை நீக்கச் சொல்லி எழுதிறதைக் கனபேர் மறந்துபோவினம், பிறகு வரித்தொகை சரிவந்தும் வட்டி மட்டும் தனியாத் தொங்கிக்கொண்டு நிக்கும். பிந்திக் கட்டின வரிக்கு மாசத்துக்கு 1.5 வீதம் வட்டி, உங்கட 85,000 க்கு அது மாசம் 1,275 ரூபா, ஒரு மாசம் முழுசா முடியாட்டியும் அதை ஒரு மாசமாத்தான் எண்ணுவினம். திருத்தாம விட்டா அது ஏறிக்கொண்டுதான் போகும்.

ஒறிஜினல் றிசீற்றை ஆரிட்டையும் குடுக்காதேங்கோ. போட்டோக்கொப்பிதான் குடுக்கவேணும். கடிதத்தில ரெண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒண்டைக் குடுத்துப்போட்டு மற்றதில திகதி முத்திரை குத்தி வாங்குங்கோ, "வைச்சிட்டுப் போங்கோ, பாக்கிறம்" எண்டு சொன்னாலும் மரியாதையா நிண்டு வாங்குங்கோ. போக ஏலாட்டிப் பதிவுத் தபால், அந்தத் துண்டையும் ஒட்டி வைக்கவேணும். 1944 எண்ட இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேக்கலாம், விளக்கம் சொல்லுவினம், ஆனா போனில கதைச்சது நாளைக்கு ஒரு ஆதாரமா நிக்காது. ஆரோட கதைச்சது, எத்தினையாம் திகதி எண்டு ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ.

தம்பி சொன்ன மாதிரி ஒருக்காக் கட்டிப்போட்டா என்ன எண்டா, ரெண்டாந்தரம் கட்டின காசைத் திருப்பி எடுக்கிறது முதல் பிழையைத் திருத்திறதை விடப் பெரிய வேலை. மனிசி சொன்ன மாதிரிப் பேசாம இருந்தா, நிலுவை எண்டு பதிவிலயே நிக்கும், உங்கட காசு வைச்சிருக்கிற வங்கிக்கே அறிவித்தல் அனுப்பி அறவிடுறதுக்குச் சட்டத்தில இடமிருக்கு. பிழை அவையிட்ட எண்டாலும் அதை எடுத்துச் சொல்லுற பொறுப்பு எங்களிட்டத்தான் வந்து விழுது. அது நியாயமில்லை எண்டுதான் நானும் நினைக்கிறன், விடியவிலிருந்து இரவுவரை கடையில நிக்கிற ஒரு மனுசன் தான் கட்டின காசைத் தானே தேடித் திரியவேணும் எண்டா அதுக்குக் கோவம் வராம என்ன வரும். ஆனா திகதியை விட்டுப்போட்டுக் கோவப்பட்டுப் பிரயோசனமில்லை.

இன்னொண்டு, கடிதத்தின்ர தலைப்பை வடிவாப் பாருங்கோ. நினைவூட்டல் எண்டு இருந்தா அது ஒரு வகை. "மதிப்பீட்டு அறிவித்தல்" எண்டு இருந்தா அது வேற, நீங்கள் இவ்வளவு கட்டவேணும் எண்டு திணைக்களம் கணக்குப் போட்டு அறிவிக்கிறது. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, மதிப்பீடு பிழை எண்டா அறிவிச்ச நாளிலயிருந்து 30 நாளைக்குள்ள உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கு நிருவாக மீளாய்வு கேட்டு, அதாவது திரும்பவும் பாருங்கோ எண்டு, எழுதவேணும், ஏன் பிழை எண்ட காரணத்தையும் அதிலயே விளக்கமா எழுதவேணும். அந்தத் தீர்ப்பும் சரியில்லை எண்டா வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கு, அதுக்கும் 30 நாள்தான். கடிதம் கைக்கு வந்த அண்டைக்கே உறையில பேனையால திகதியை எழுதிப்போடுங்கோ, உறையையும் எறியாதேங்கோ, தபால் முத்திரை அதிலதான் கிடக்கு. வருத்தமா ஆஸ்பத்திரியில கிடந்து பிந்தினா, வெளிநாட்டில நிண்டு பிந்தினா, காரணத்தைக் காட்டி அவகாசம் கேக்க வழியிருக்கு, ஆனா அதை நம்பிக்கொண்டு இருக்கிறது புத்தியில்லை.

கேள்வி: நான் திருநெல்வேலியில தனிய இருக்கிறன், வயது 68. அவர் போன பிறகு இருந்த காசை நிலையான வைப்பில போட்டு அந்த வட்டியிலதான் சீவியம். 2023/24 இல எனக்கு வந்த வட்டி 14 லட்சம். வேற வருமானம் ஒண்டுமில்லை. இப்ப 12,000 ரூபா வரி கட்டச் சொல்லிக் கடிதம். வங்கி ஏற்கெனவே பிடிச்சதெல்லோ? அது எங்க போனது?

பதில்: அம்மா, இதை வாசிச்சவுடன கணக்குப் பாத்தனான், பாத்துப்போட்டு எனக்கே மனம் கேக்கேல்லை. அந்த வருஷம் தனிநபர் விலக்கு 12 லட்சம். உங்கட 14 லட்சத்தில அதைக் கழிச்சா வரிக்குரியது 2 லட்சம், அதுக்கு 6 வீதம் எண்டா 12,000. அந்தளவில கடிதம் சரி. ஆனா வங்கி உங்கட வட்டியில 5 வீதம் பிடிச்சு உள்நாட்டு இறைவரிக்குக் கட்டியிருக்குது, 14 லட்சத்துக்கு அது 70,000 ரூபா. அந்த 70,000 உங்கட கணக்கில வரவு வைக்கப்படேல்லை. வைச்சிருந்தா நீங்கள் 12,000 கட்டத் தேவையில்லை, அவைதான் உங்களுக்கு 58,000 திருப்பித் தரவேணும்.

நீங்கள் எழுதின ரெண்டாம் பக்கத்திலதான் விஷயம் கிடக்கு. வைப்பைத் திறக்கேக்க பழைய அடையாள அட்டை நம்பர், ஒன்பது இலக்கமும் கடைசியில வீ எழுத்தும். டின் நம்பர் எடுக்கேக்க புதிய அட்டை, பன்ரெண்டு இலக்கம். பேரும் அப்பிடித்தான், வங்கியில உங்கட அவரின்ர பேர் முன்னுக்கு முழுசா, வரிப் பதிவில முதலெழுத்து மட்டும், இங்கிலீஷில எழுதேக்க ஒரு ஏ எழுத்துக் கூட. எங்கட தமிழ்ப் பேருகளை இங்கிலீஷில எழுதிறதில ஒவ்வொரு கந்தோரும் ஒவ்வொரு மாதிரி எழுதும், பிறப்புச் சான்றிதழில ஒண்டு, அட்டையில ஒண்டு, வங்கிப் புத்தகத்தில இன்னொண்டு. ஆள் பாத்தா ஒரே ஆள் எண்டு தெரியும், கொம்பியூட்டருக்கு அது ரெண்டு ஆள்.

வங்கிக்குப் போய் அந்த வருஷத்துக்குரிய முற்பண வருமான வரிச் சான்றிதழை, அதாவது வட்டியில பிடிச்ச வரிக்குரிய சான்றிதழை, கேளுங்கோ. குடுக்கவேண்டியது அவையின்ர கடமை, நீங்கள் கெஞ்சத் தேவையில்லை. அதில பேர், அடையாள அட்டை நம்பர், டின் நம்பர், பிடிச்ச தொகை எல்லாம் சரியா எண்டு வாசலிலயே நிண்டு வாசியுங்கோ. டின் நம்பர் இல்லாட்டி அங்கயே திருத்தச் சொல்லுங்கோ. பிறகு அந்தச் சான்றிதழ், ரெண்டு அடையாள அட்டையின்ர பிரதியள், பேர் வித்தியாசத்துக்குச் சமாதான நீதவானிட்ட எடுத்த சத்தியக் கடதாசி, எல்லாத்தையும் சேத்து, பிடிச்ச வரியை வரவு வைக்கச் சொல்லியும் மிச்சத்தைத் திருப்பித் தரச் சொல்லியும் எழுதுங்கோ. மதிப்பீட்டு அறிவித்தலா இருந்தா மேல சொன்ன 30 நாள் உங்களுக்கும் இருக்கு. திருப்பித் தாறது கெதியா நடக்கும் எண்டு நான் சொல்லமாட்டன், ஆனா கேக்காம விட்டா அது ஒருநாளும் தானா வராது.

இனி வாற காலத்துக்கு ஒண்டு. 2025 ஏப்ரல் 1 இலயிருந்து வட்டியில பிடிக்கிறது 10 வீதமாகிட்டுது, விலக்கு 18 லட்சமாகிட்டுது. உங்கட முழு வருமானமும் 18 லட்சத்துக்குள்ள எண்டா வங்கியில ஒரு சுயபிரகடனப் படிவம் நிரப்பிக் குடுக்கலாம், குடுத்தா உங்களிட்டப் பிடிக்கமாட்டினம். வயசுபோன ஆக்கள் கனபேருக்கு இது தெரியாது, பக்கத்து வீட்டில இருந்தாச் சொல்லிவிடுங்கோ.

கேள்வி: கடிதம் முழுக்கச் சிங்களத்தில. பருத்தித்துறையில எங்களுக்கு ஆர் வாசிச்சுச் சொல்லுறது? தமிழில பதில் எழுதினா எடுப்பினமோ?

பதில்: எடுக்கத்தான் வேணும் தம்பி. தமிழும் அரச கரும மொழி, அரசாங்கக் கந்தோருக்குத் தமிழில எழுதவும் தமிழில பதில் வாங்கவும் அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தந்திருக்கு. வடமாகாணத்தில நிர்வாக மொழியே தமிழ்தான். அதால கூச்சப்படாம "இதைத் தமிழில் அனுப்பி வைக்கவும்" எண்டு எழுதுங்கோ. ஆனா கவனம், தமிழ்ப் பிரதி வரட்டும் எண்டு திகதியை விட்டுடாதேங்கோ. தெரிஞ்ச ஒராளிட்டக் காட்டி எந்த வருஷம், எவ்வளவு, எத்தினையாம் திகதிக்குள்ள எண்ட மூண்டையும் மட்டும் கேட்டு அறிஞ்சுகொண்டு உடன ஒரு தமிழ்க் கடிதம் போடுங்கோ: இந்தக் கோரிக்கையை நான் ஏற்கேல்லை, காரணம் இது, தமிழ்ப் பிரதியும் தாங்கோ எண்டு. மொழி விளங்காதபடியால ஒரு சனம் தான் குடுக்கத் தேவையில்லாத காசைக் குடுக்கிறதை என்னால ஏற்கவே ஏலாது, இந்த உரிமைக்கு எவ்வளவு காலம் கேட்டு நிண்ட ஆக்கள் நாங்கள், கிடைச்ச பிறகு பாவிக்காம விடக்கூடாது.

கேள்வி: நவம்பர் 30 க்கு முன்னமே ஒன்லைனில வருமான வரி விவரத்திரட்டு அனுப்பினனான். இப்ப அனுப்பேல்லை எண்டு தண்டம். 50,000 எண்டு கேள்விப்பட்டன், நெஞ்சு படபடக்குது.

பதில்: பிந்தினா தண்டம் பெரிசுதான், நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. ஆனா நீங்கள் பிந்தேல்லையே. அனுப்பி முடிஞ்சவுடன திரையில ஒரு ஏற்புத் தகவல் வந்திருக்கும், ஈமெயிலுக்கும் வந்திருக்கும், தேடுங்கோ, ஸ்பாம் எண்ட பெட்டிக்குள்ளயும் பாருங்கோ. அதில திகதியும் இலக்கமும் கிடக்கும், அதை அச்செடுத்து இணைச்சு எழுதினாச் சரி. ஒண்டைமட்டும் முதல்ல உறுதிப்படுத்துங்கோ, நீங்கள் சேமிச்சுப்போட்டு விட்டனீங்களா, இல்லைச் சமர்ப்பிச்சனீங்களா எண்டு. ரெண்டும் வேற வேற பட்டன். சேமிச்சது மட்டும்தான் எண்டா அது திணைக்களத்தின்ர பிழையில்லை, அப்ப இண்டைக்கே சமர்ப்பியுங்கோ, மாசம் மாசம் கூடுற பகுதி அதோட நிக்கும்.

கேள்வி: மகள் அமெரிக்காவில. அவவும் மருமகனும் சேந்து வரி ஃபைல் பண்ணி முழுக்காசும் கட்டினவை, பிறகும் நிலுவை எண்டு கடிதம் வந்ததாம். பிள்ளை அழுதுகொண்டு வட்ஸ்அப்பில அனுப்பியிருக்கிறா. அங்கயும் இப்பிடியோ?

பதில்: அங்கயும் இப்பிடித்தான். அவ அனுப்பின படத்தில மேல வலப்பக்கம் சீபீ 14 எண்டு இருக்குது, அது அமெரிக்க வரித் திணைக்களமான ஐஆர்எஸ் அனுப்புற முதல் நிலுவைக் கடிதம். 2022 ஜூலையில ஐஆர்எஸே வெளிப்படையாச் சொன்னது, புருசன் பெண்சாதி சேந்து ஃபைல் பண்ணின ஆக்களின்ர சில கொடுப்பனவுகள் சரியான கணக்கில வரவு வைபடேல்லை, அதால பிழையா இந்தக் கடிதங்கள் போயிருக்கு எண்டு. ஃபைலில ரெண்டாவதாப் பேர் போட்ட ஆள் தன்ர சொந்த ஒன்லைன் கணக்காலக் கட்டினா அது முதலாவது ஆளின்ர பேரில போய்ச் சேராம நிண்டது. சரியாக் கட்டின ஆக்கள் உடன போன் எடுக்கத் தேவையில்லை, தாங்கள் திருத்திறம் எண்டும் அப்ப சொன்னவை. உங்கட மகள் கட்டினது தன்ர கணக்கிலயா, மருமகன்ர கணக்கிலயா எண்டு கேளுங்கோ. ரெண்டு பேரின்ர ஒன்லைன் கணக்கையும் திறந்து காசு எங்க நிக்குது எண்டு பாக்கட்டும். காசு போன வங்கிக் கூற்றை எடுத்து வைக்கட்டும். சரிவராட்டி கடிதத்தில போட்டிருக்கிற திகதிக்கு முன்னம் எழுத்தில பதில் குடுக்கட்டும். அழவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

கேள்வி: இறைவரியில இருந்து கதைக்கிறம், பிழையா வந்த நிலுவையை இண்டைக்கே குறைச்சு முடிச்சுத் தாறம், இந்தக் கணக்குக்குக் காசு போடுங்கோ எண்டு ஒராள் போன் எடுத்தவர். போடலாமோ? (சாவகச்சேரி)

பதில்: வேண்டாம். வரி போறது ஆணையாளர் நாயகத்தின்ர பேரிலதான், தனி ஆளின்ர வங்கிக் கணக்குக்கு ஒரு சதமும் போகாது. ஓடிபி நம்பரையும் குடுக்காதேங்கோ. பொலிசில ஒரு முறைப்பாடு போட்டு வையுங்கோ.

கேள்வி: அப்பா செத்து ரெண்டு வருஷம். அவரின்ர பேருக்கு இப்பவும் வரிக் கடிதம் வருது. ஒருக்காப் போய்ச் சொன்னனாங்கள், பிறகும் வருது. அம்மா ஒவ்வொரு கடிதத்துக்கும் உடைஞ்சுபோறா.

பதில்: வாயால சொன்னது பதியப்படேல்லை, அதுதான் வருது. மரணச் சான்றிதழின்ர உறுதிப்படுத்தின பிரதியோட, அப்பாவின்ர டின் நம்பர் போட்டு, ஃபைலை மூடச் சொல்லி எழுத்தில குடுங்கோ, முத்திரை குத்தி வாங்குங்கோ. அவர் உயிரோட இருந்த காலத்துக்கு உண்மையா ஏதும் நிலுவை இருந்தா அவற்ற சொத்திலயிருந்து தீர்க்கவேண்டி வரும், அதையும் அந்தக் கடிதத்திலயே கேட்டுத் தெளிவாக்குங்கோ. பதில் வராம இழுபட்டா 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ ஒரு விண்ணப்பம் போடுங்கோ, எங்கட கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தனீங்கள் எண்டு. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள தன்ர முடிவைச் சொல்லவேணும். கனபேருக்கு இந்த விண்ணப்பம் போன பிறகுதான் ஃபைல் மேசைக்கு வந்திருக்கு.

அப்பாவின்ர பழைய றிசீற்றுகளை எறியாதேங்கோ. வரிப் பத்திரங்களை 5 வருஷம் வைச்சிருக்கவேணும் எண்டுதான் சட்டம். 1995 ஒக்ரோபரில சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பிப் போனபோது உறுதியையும் சான்றிதழையும் ஷொப்பிங் பையில கட்டி நெஞ்சோட கொண்டுபோன சனம் நாங்கள், இதுவும் அந்தப் பையோட சேரவேண்டியது. வங்கிச் சிட்டையள் சிலது வெப்பத்தில வெளிறிப்போற தாள், ஒரு வருஷத்தில எழுத்து மறைஞ்சுடும், அதுகளை உடன போட்டோக்கொப்பி எடுத்துப் பின்பக்கம் வருஷத்தையும் காலாண்டையும் பேனையால எழுதி வையுங்கோ. அப்பாவின்ர பேரில வாற கடிதங்களை இனி நீங்கள் வாங்கி வாசியுங்கோ, தபால்காரரிட்டயும் சொல்லி வைக்கலாம்.